கடலோரக் கிராமத்தில் வேலையா? முதலில் வீட்டைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வெளிநாட்டு வேலைகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் உள்ள கார்ன்வால் மாவட்டத்தில் நர்ஸ்களுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கூடவே அரைப் பக்கத்துக்கு ஒரு படம்: கருங்கல் வீடுகள், சின்னத் துறைமுகம், வண்ணப் படகுகள். நான் அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறேன். பென்சான்ஸ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு மீன்பிடி கிராமத்தில் குடியிருந்துகொண்டு, வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸாக வேலை செய்கிறேன். சம்பளம், விசா, தேர்வு பற்றியெல்லாம் உங்கள் கட்டுரை சரியாகவே சொன்னது. ஆனால் அங்கே போகிறவர் எங்கே குடியிருப்பார் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நம் ஊர்ப் பெண்கள் பலர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு விண்ணப்பம் போடுவார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

படத்தில் பொய் எதுவும் இல்லை. ஊர் அப்படித்தான் இருக்கிறது. இவ்வளவு அழகாக இருப்பதால்தான் குடியிருக்க வீடு கிடைப்பதில்லை. கோடையில் விடுமுறைக்கு வருகிறவர்கள் வாரக் கணக்கில் வீடு எடுக்கிறார்கள். ஜூலை, ஆகஸ்டில் துறைமுகத்தைப் பார்த்த ஒரு சின்ன வீட்டுக்கு அவர்கள் ஒரு வாரத்துக்குத் தரும் வாடகையை, எங்களைப் போன்றவர்கள் ஒரு மாதத்துக்குத் தருவதே கஷ்டம். அப்புறம் வீட்டுக்காரர் எதற்கு வருஷக் குடித்தனத்துக்கு விடப்போகிறார்? இன்னும் பல வீடுகள் வெளியூர்க்காரர்களின் இரண்டாவது வீடு. வருஷத்தில் சில வாரங்கள்தான் திறந்திருக்கும்.

இங்கே வாசல் கதவுக்குப் பக்கத்தில் எண் பூட்டு வைத்த சின்னச் சாவிப்பெட்டி மாட்டியிருந்தால், பெரும்பாலும் அது விடுமுறை வீடு. முதியவர்கள் தனியாக இருக்கும் வீட்டிலும் எங்களுக்காக அப்படி ஒரு பெட்டி இருப்பதுண்டு, அது வேறு விஷயம். நவம்பர் மாதம் மாலை ஐந்து மணிக்கு ஒருவருக்கு இன்சுலின் போடத் துறைமுகத் தெரு வழியாகப் போவேன். நன்றாக இருட்டியிருக்கும். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஜன்னல்கள் கறுப்பாக நிற்கும். இரண்டு மூன்று வீட்டில்தான் விளக்கு எரியும். அந்த இரண்டு மூன்று வீடும் என் நோயாளிகளுடையவை.

நான் வந்தபோது கிடைத்த முதல் வீடு, இங்கே விண்டர் லெட் (குளிர்கால வாடகை) என்று சொன்ன வகை. அக்டோபரில் குடிவந்து, ஈஸ்டருக்கு முன்னால் காலி செய்துவிட வேண்டும் என்பதுதான் அப்போதைய நிபந்தனை. கோடை வாடகைக்காரர்கள் வராத மாதங்களில் வீடு சும்மா கிடக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. எனக்கு வேலை ஒப்பந்தம் மூன்று வருஷத்துக்கு, வீடோ பனிக்காலம் முடியும் வரை. வீட்டுக்காரர் நல்லவர், எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லித்தான் கொடுத்தார். என்னை வேலைக்கு எடுத்தவர்கள்தான் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஈஸ்டர் நெருங்க நெருங்க, டியூட்டி முடிந்து வந்ததும் போனை எடுத்து வீடு தேடுவதே வேலையாகிவிட்டது. அப்போது என்னிடம் ஒரு ஏஜென்சியில் கேட்டது இது: இந்த நாட்டில் சொந்த வீடு வைத்திருக்கும் ஒருவர் உத்தரவாதக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கட்ட வேண்டும். விமானத்தில் வந்து இறங்கி ஒரு வருஷம்கூட ஆகாதவளுக்கு உத்தரவாதம் போட யார் இருக்கிறார்கள்? கடைசியில் கூட வேலை செய்யும் நர்ஸ் ஒருவர் தன் சித்தி வீட்டு மாடியைக் கேட்டு வாங்கிக் கொடுத்தார். அந்த உதவி கிடைத்திருக்காவிட்டால் நான் இந்த ஊரை விட்டே போயிருப்பேன். என்னோடு சேர்ந்தவர்களில் சிலர் அப்படித்தான் பெரிய நகரங்களுக்குப் போய்விட்டார்கள். நல்ல நர்ஸ்கள். வேலை பிடிக்காமல் போகவில்லை, வீடு இல்லாமல் போனார்கள்.

சம்பளத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவையில் புதிதாகச் சேரும் நர்ஸுக்கு 2025-26இல் ஆரம்பச் சம்பளம் வருஷத்துக்கு 31,049 பவுண்டாக இருந்தது. லண்டனிலும் அதைச் சுற்றியுள்ள பகுதியிலும் வேலை செய்தால், அங்கே செலவு அதிகம் என்று தனியாக ஒரு படி உண்டு. கார்ன்வாலில் அந்தப் படி கிடையாது. கிராமம்தானே, செலவு குறைவாக இருக்கும் என்று நம் ஊரிலிருந்து பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். இந்தக் கடற்கரையில் அந்தக் கணக்கு ஒத்துவராது.

இந்த ஊர்க்காரர்களும் சும்மா இருக்கவில்லை. செயின்ட் ஐவ்ஸ் என்ற கடற்கரை ஊரில் 2016 மே மாதம் வாக்கெடுப்பு நடந்தது. புதிதாகக் கட்டும் வீடுகளில் அதையே முழுநேர வசிப்பிடமாகக் கொண்டவர்கள்தான் குடியிருக்க வேண்டும் என்ற விதிக்கு வாக்களித்தவர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு தந்தார்கள். வழக்குப் போட்டும் நீதிமன்றத்தில் அந்த விதி நின்றது. ஆனால் ஏற்கெனவே கட்டிய பழைய வீடுகளை அது தொடாது. படத்தில் நீங்கள் போட்டவை எல்லாம் பழைய வீடுகள். 2025 ஏப்ரலிலிருந்து கார்ன்வாலில் இரண்டாவது வீடு வைத்திருப்பவர்களுக்கு வீட்டு வரி இரண்டு மடங்கு. நல்ல முடிவு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தெருவில் விளக்கு கூடினால் சந்தோஷம்.

உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே வீடு இல்லை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் புரிய வைத்தது பக்கத்துக் கிராமமான மௌசல். 1981 டிசம்பர் 19 இரவு, பெரும் புயலில் இன்ஜின் நின்று தத்தளித்த யூனியன் ஸ்டார் என்ற கப்பலைக் காப்பாற்ற, அங்கிருந்து சாலமன் பிரவுன் என்ற உயிர்காப்புப் படகில் எட்டுப் பேர் போனார்கள். எட்டுப் பேரும் தன்னார்வலர்கள். ஒருவரும் திரும்பவில்லை. கப்பலில் இருந்த எட்டுப் பேரும் இறந்துபோனார்கள். இன்றைக்கும் ஒவ்வொரு டிசம்பர் 19 அன்றும் மௌசல் துறைமுகத்தின் கிறிஸ்துமஸ் விளக்குகளை ஒரு மணி நேரம் அணைத்து வைக்கிறார்கள். இந்த நாட்டின் உயிர்காப்புப் படகுகளில் போகிறவர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட தன்னார்வலர்கள்தான். அழைப்பு வந்தால் சில நிமிஷத்தில் படகுக்கு ஓடிவர வேண்டும். ஓடிவர வேண்டுமானால் பக்கத்தில் குடியிருக்க வேண்டும். மீனவர் வீட்டுப் பேரப்பிள்ளை பத்து மைல் உள்ளே தள்ளிக் குடியிருந்துகொண்டு எப்படி ஓடிவருவான்? ராத்திரி இரண்டு மணிக்கு வலி தாங்காமல் கூப்பிடும் புற்றுநோயாளிக்கு நர்ஸ் வருவதும் இதே கணக்குதான்.

போக்குவரத்து பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்திய ஓட்டுநர் உரிமத்தை வைத்துக்கொண்டு இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் கார் ஓட்டலாம். அதற்குள் எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் பாஸாகிவிட வேண்டும், இல்லையென்றால் வண்டியை நிறுத்திவிட வேண்டியதுதான். வீடு வீடாகப் போகும் நர்ஸுக்கு வண்டி இல்லாமல் வேலை இல்லை. அதனால் வந்த முதல் மாதமே தேர்வுக்குப் பதிவு செய்யுங்கள், தேதி கிடைக்க நாளாகும். சாலைகள் பல இடங்களில் ஒரு வண்டி போகும் அகலம்தான். இரண்டு பக்கமும் கல்லும் மண்ணும் சேர்த்துக் கட்டி, செடி வளர்ந்து தலைக்கு மேல் நிற்கும் வேலி. எதிரே டிராக்டர் வந்தால் நாம்தான் பின்னால் எடுத்து ஒதுங்கும் இடம் வரை போக வேண்டும். பின்னால் ஓட்டுவதை ஊரிலேயே நன்றாகப் பழகிக்கொண்டு வாருங்கள். பஸ்ஸை நம்பலாமா என்றால், கோடையில் நம்பலாம். குளிர்காலத்தில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டு வீடு எடுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு இங்கே வரவே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த வேலையை நான் மிகவும் விரும்பிச் செய்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு கணவனும் மனைவியுமாகக் கடலைப் பார்த்து வாழ வந்தவர்கள் இங்கே நிறைய. ஒருவர் போனபின் மற்றவர் தனியாக இருக்கிறார். பிள்ளைகள் எங்கோ தூரத்தில். இரண்டு பக்கத்து வீடும் விடுமுறை வீடாக இருந்தால் ஜனவரியில் அவர் குரல் கேட்க ஆளில்லை. காலில் ஆறாத புண்ணுக்குக் கட்டு மாற்றப் போகிற நர்ஸ்தான் சில வாரங்களில் அவர் வீட்டுப் படியேறும் ஒரே ஆள். மாவட்டத்தின் பெரிய ஆஸ்பத்திரி ட்ரூரோவில், இங்கிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதனால் வீட்டிலேயே புண்ணைப் பார்த்து, சீழ் பிடிக்கும் முன்பே டாக்டருக்குச் சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தடுப்பது எங்கள் கையில் இருக்கிறது. நகரத்து வார்டில் எனக்கு இவ்வளவு பொறுப்பு கொடுத்ததில்லை.

தொண்ணூறு தாண்டிய முன்னாள் மீனவர் ஒருவருக்கு நான் கட்டு மாற்றுகிறேன். நான் பையை மூடும்போது ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, இன்றைக்குக் கடற்கரைச் சாலையில் போகாதே, மேட்டுச் சாலையில் போ என்பார். காற்று தெற்கிலிருந்து வந்து, கடல் ஏற்றமும் பெரிதாக இருக்கும் நாளில் அலை சுவரைத் தாண்டிச் சாலையில் விழும். ஒரு நாளும் அவர் சொன்னது தப்பியதில்லை. மௌசல் துறைமுகத்தின் வாயைக் குளிர்காலத்தில் கனமான மரக்கட்டைகளை இறக்கி அடைத்துவிடுவார்கள், அப்படிப்பட்ட கடல் இது. 2014 பிப்ரவரியில் புயல் டாலிஷ் என்ற இடத்தில் ரயில் பாதையின் கீழிருந்த கடல் சுவரை அடித்துக்கொண்டு போனதில், கார்ன்வாலுக்கு வரும் ஒரே பெரிய ரயில் பாதை ஏறக்குறைய இரண்டு மாதம் துண்டிக்கப்பட்டிருந்தது. சாதாரண நாளிலேயே பென்சான்ஸிலிருந்து லண்டனுக்கு ரயிலில் ஐந்து மணி நேரம் ஆகும். ஊரில் வயதான அப்பா அம்மாவை விட்டுவிட்டு வருகிறவர்கள் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் எட்டு மணிக்கு மேல்தான் விடியும், மாலை நாலரைக்குள் சூரியன் போய்விடும். முதல் குளிர்காலம் மனதை ரொம்பவே அழுத்தும்.

வேலைக்கு எடுப்பவர்கள் நேர்காணலில், உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கிறதா என்று கடைசியில் கேட்பார்கள். நம் பெண்கள் பெரும்பாலும் ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிடுகிறோம். அங்கேதான் கேட்க வேண்டும். தங்குமிடம் எத்தனை மாதம் தருவீர்கள், அது எந்த மாதத்தில் முடியும்? கோடைக்கு முன் முடிந்தால் அடுத்து வீடு பார்க்க யார் உதவுவார்கள்? வீட்டுக்காரருக்கு உத்தரவாதக் கடிதம் நீங்களே தருவீர்களா? இடையில் வேலையை விட்டால் நான் எவ்வளவு பணம் திருப்பித் தர வேண்டும்? பதிலை வாய்ப்பேச்சாக விடாமல் மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். நல்ல நிர்வாகம் இந்தக் கேள்விக்குக் கோபப்படாது.

பணம் பற்றி இன்னொன்று. வெளிநாட்டு நர்ஸ்களை எடுப்பதற்குப் பிரிட்டிஷ் அரசு வைத்திருக்கும் நடத்தை விதிகளின்படி, வேலை வாங்கித் தருவதற்கென்று ஏஜென்சி உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது. அடுத்தது, நர்ஸ் வேலையும் கேர் வொர்க்கர் வேலையும் ஒன்றல்ல. முதியோரைப் பராமரிக்கும் கேர் வொர்க்கர் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் வழியை 2025 ஜூலை 22 அன்று மூடிவிட்டார்கள். கடற்கரை முதியோர் இல்லத்தில் வேலை, விசா நிச்சயம் என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ஐயா, உங்கள் பத்திரிகையை நம்பி எத்தனையோ குடும்பங்கள் முடிவெடுக்கின்றன. இனி இப்படி ஒரு கட்டுரை வரும்போது, அந்த ஊரில் ஏற்கெனவே வேலை செய்கிற ஒருவரிடம் வீடு, வாடகை, பஸ் பற்றி நாலு வரி வாங்கிப் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பென்சான்ஸ், செயின்ட் ஐவ்ஸ் பக்கம் வேலைக் கடிதம் கையில் வைத்திருப்பவர்கள் உங்கள் அலுவலகம் வழியாக எனக்கு எழுதினால் கட்டாயம் பதில் போடுவேன். வரும் தேதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்தால் மே, ஜூனைத் தவிர்த்து, செப்டம்பர் கடைசியைக் கேட்டு வாங்குங்கள். விடுமுறைக் கூட்டம் குறைந்திருக்கும், நாலு வீட்டை நேரில் பார்த்துப் பேச முடியும், கையோடு அடுத்த ஏப்ரலுக்கான வீட்டையும் அன்றிலிருந்தே விசாரிக்க ஆரம்பித்துவிடலாம்.

இப்படிக்கு,
வாசகி, செவிலியர்
பென்சான்ஸ் அருகில், கார்ன்வால்