எழுத்தாளர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல இரண்டாவது ஞாயிறு நூலக மாடியில் நடந்தன. ஐப்பசியில் மட்டும் அடைமழையால் விட்டுப்போனது. கூட்டங்களைப் பற்றி இவ்வளவு போதும். நாம் புத்தகம் போடுகிற விதத்தைப் பற்றித்தான் இந்த முறை அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

வைகாசியில் நம் மூத்த உறுப்பினர் ஒருவரை இழந்தோம். சாத்தூர் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்து, ஓய்வு பெற்ற பிறகு கதை எழுத வந்தவர். காரியம் முடிந்து நாங்கள் கிளம்பும்போது அவர் மகள் எங்களை உள்ளறைக்குக் கூட்டிப்போனார். கட்டிலுக்கு அடியில் ஏழு அட்டைப்பெட்டிகளில் அவருடைய கதைப் புத்தகம். அடியில் இருந்த பெட்டியைக் கரையான் அரித்திருந்தது. எல்லாவற்றையும் அங்கேயே தரையில் உட்கார்ந்து எண்ணினோம். 300 பிரதி அச்சடித்ததில் 211 பிரதிகள் வீட்டிலேயே இருந்தன. முழுப் பணமும் அய்யா கொடுத்தது. ஒப்பந்தம் என்று ஒரு துண்டுத்தாள் இல்லை. வங்கி ரசீதும் கொஞ்சம் வாட்ஸப் செய்திகளும்தான் இருந்தன. பதிப்பாளரின் எண் எடுக்கவே படவில்லை. "அப்பா கதை இனி யாருக்குச் சொந்தம்? வேற யாராவது போட முடியுமா?" என்று அந்தத் தங்கை கேட்டபோது எங்கள் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. எழுத்தாளர் சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு இது தெரியாமல் இருந்ததில் எனக்கு மிகுந்த வருத்தம்.

ஆடி மாதக் கூட்டத்துக்கு வழக்கறிஞர் நண்பர் ஒருவரை அழைத்தோம். அவர் சொன்னதை வராதவர்களுக்காகத் திரும்பச் சொல்கிறேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நாம் சொந்தமாக எழுதும் கதைக்கும் கவிதைக்கும் முதல் உரிமையாளர் நாம்தான். அந்த உரிமை நாம் இருக்கும்வரையும், நமக்குப் பின் 60 ஆண்டுகளும் இருக்கும். அதை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாலும், எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டு என்றுதான் கணக்கு. எந்த நிலப்பரப்புக்கு என்று சொல்லவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டும். உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, அது காலாவதியாகிவிடும்.

அய்யாவின் கதைகள் அவர் குடும்பத்துக்குத்தான் சொந்தம். அன்று சாயங்காலமே போய் அந்தத் தங்கையிடம் சொல்லிவிட்டு வந்தோம்.

காசு கொடுத்துப் புத்தகம் போடுவது தப்பில்லை. தமிழில் முதல் புத்தகம் போட்டவர்களில் பலர் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் கணக்குத் தெரிந்து கொடுக்க வேண்டும். 200 ரூபாய் விலை வைத்த புத்தகத்துக்கு ராயல்டி, அதாவது விற்கிற பிரதிக்கு எழுத்தாளருக்கு வரும் பங்கு, 10 சதவீதம் என்றால் பிரதிக்கு 20 ரூபாய். 300 பிரதியும் விற்றாலே 6,000 ரூபாய்தான். கடைக்காரருக்குக் கழிவு 30, 35 சதவீதம் போகும். இதைச் சொல்லாமல் "உலகம் முழுக்க விற்பனை" என்று பேசுகிறவரிடம் நாம் கேட்க வேண்டியவை சில உண்டு. எத்தனை பிரதி அச்சாகிறது, அச்சக ரசீதைக் காட்டுவாரா? விற்பனைக் கணக்கு ஆண்டுக்கு எத்தனை முறை வரும்? விற்காத பிரதி யாருடையது? மின்னூல் உரிமையும் இதில் சேர்த்தியா? லேஅவுட் செய்த, அதாவது அச்சுக்குப் பக்கம் வடிவமைத்த, கோப்பை நமக்குத் தருவாரா? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதே இல்லை. மறுபதிப்புக்குப் போகும்போதுதான் அதன் அருமை தெரிகிறது.

புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்குத் தனிக்கட்டணம் என்று நம் உறுப்பினர்கள் இருவரிடம் பணம் வாங்கியிருக்கிறார்கள். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது. எழுத்தாளர் தன் பெயரிலேயே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். ஆவணியில் நூலகக் கணினியில் உட்கார்ந்து மூன்று பேருக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தோம்.

அச்சுச் செலவு இந்த ஆண்டும் ஏறியது. 2025 செப்டம்பர் 22 முதல் அச்சுத் தாளுக்கு ஜிஎஸ்டி 12லிருந்து 18 சதவீதம் ஆனது. நோட்டுப் புத்தகத் தாளுக்கு விலக்கு உண்டு, கதைப் புத்தகத் தாளுக்கு இல்லை. புத்தகத்துக்கு வரி கிடையாது என்பதால், தாளுக்கும் அச்சுக்கும் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. அது அப்படியே விலையில் ஏறுகிறது. சிவகாசி நமக்குப் பக்கத்தில் இருப்பது பெரிய வசதி என்று வெளியூர் நண்பர்கள் நினைக்கிறார்கள். ஆனால் ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம், அதாவது புத்தாண்டுக் காலண்டர் மாதிரிகளின் தொகுப்பு, வெளியானதிலிருந்து டிசம்பர் வரை அங்கே மெஷின் மூச்சு விடாது. ஜனவரிப் புத்தகக் காட்சிக்கு நாம் அவசரப்படுவதும் அதே மாதங்களில்தான். 300 பிரதிக்காக யாரும் காலண்டர் வேலையை நிறுத்த மாட்டார்கள், அது அவர்கள் பிழைப்பு. ஆகவே பங்குனி, சித்திரையிலேயே கோப்பை முடித்துவிடுங்கள். 50, 100 பிரதி போதும் என்றால் டிஜிட்டல் அச்சே நல்லது. பிரதிக்கு விலை கூடினாலும் கட்டிலுக்கு அடியில் பெட்டி சேராது.

கோப்பு என்றதும் எழுத்துரு நினைவுக்கு வருகிறது. பழைய வானவில் எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றி, அதைத் திரும்ப லேஅவுட் மென்பொருளில் போடும்போது ‘கொடி’ என்பது ‘ெகாடி’ என்று உடைகிறது. ‘ஸ்ரீ’ வர வேண்டிய இடத்தில் கட்டம் வருகிறது. ஒரு கவிதைத் தொகுப்பில் ‘கொ’ வரும் இடமெல்லாம் இப்படி அச்சாகி, எழுதியவர் வெளியீட்டு விழாவிலேயே கண்கலங்கிவிட்டார். அச்சுக்கு முந்தைய கடைசித் திருத்தப்படியை (புரூஃப்) திரையில் பார்த்து ஒப்புதல் கொடுக்காதீர்கள். தாளில் எடுத்து, ஸ்கேல் வைத்து வரிவரியாகப் பாருங்கள்.

தபால் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி உண்டு. 2024 டிசம்பரில் பதிவுப் புத்தக அஞ்சலைத் திடீரென்று நிறுத்தியபோது, வாசகருக்கு நேரடியாக அனுப்பிக்கொண்டிருந்த நம் போன்றவர்கள் திண்டாடிப்போனோம். 2025 மே 1 முதல் புத்தகங்களுக்கென ‘ஞான் போஸ்ட்’ என்ற அஞ்சல் சேவை வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. தரைவழியில் போவதால் சற்றுத் தாமதமாகும். புத்தகத்தில் அச்சகத்தார் பெயரோ பதிப்பாளர் பெயரோ இருக்க வேண்டும். நம் சிறிய புத்தகங்கள் பெரும்பாலும் 20 ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

நூலகக் கொள்முதல் 2024 முதல் இணையவழி விண்ணப்பமாக ஆகியிருப்பதை நான் மனதார வரவேற்கிறேன். சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரி கட்டுகிறோம். 1948லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. சிறு பதிப்பாளரின் புத்தகமும் அந்தப் பணத்தில் கிராமத்து நூலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். விண்ணப்பிக்கத் தெரியாமல் விட்டவர்களுக்காக அடுத்த ஆண்டு ஒரு பயிற்சி நடத்த வேண்டும்.

அமேசானின் மின்னூல் தளமான கிண்டில் பக்கம் நம்மில் நான்கு பேர் போயிருக்கிறார்கள். 70 சதவீத ராயல்டி என்பது கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் இந்தியாவில் அது வேண்டுமென்றால் அந்த மின்னூலை வேறெங்கும், இலவசமாகக்கூட, போடக் கூடாது என்ற நிபந்தனைக்கு உட்பட வேண்டும். கதைச் செயலியில் ஏற்கெனவே தொடராகப் போட்டிருந்த ஒருவருக்கு இதனால் எச்சரிக்கை வந்தது. அப்புறம் டெலிகிராமில் பிடிஎஃப் சுற்றுவது. நம் உறுப்பினர் ஒருவரின் நாவல் வெளியான மூன்றாம் வாரமே வந்துவிட்டது. புகார் கொடுத்து எடுக்க வைத்தோம், வேறு பெயரில் திரும்பவும் வந்தது. விடாமல் புகார் கொடுக்கிறோம். "பரவாயில்லை, நாலு பேர் படிக்கட்டுமே" என்று சொல்கிற நண்பர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு வருட உழைப்பு அது.

சரி, அய்யாவின் புத்தகத்துக்கு வருகிறேன். கரையான் அரித்த பெட்டி போக நல்ல பிரதிகள் 174 தேறின. குடும்பத்தின் சம்மதத்தோடு நம் உறுப்பினர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு பள்ளிகளுக்கும் நண்பர்களுக்கும் கொண்டுபோனார்கள். மாவட்டப் புத்தகத் திருவிழாவில் தெரிந்த ஒரு கடைக்காரர் மேசை ஓரத்தில் இடம் கொடுத்தார். இன்றைய தேதிக்கு 121 பிரதிகள் விற்றிருக்கின்றன. பணம் முழுவதையும் அவர் மனைவியிடம் ஒப்படைத்து ரசீது வாங்கியிருக்கிறோம். அச்சில் வராத ஒன்பது கதைகள் டைரியில் இருந்தன. மகளே அவற்றைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார், ஆறு முடிந்துவிட்டது. தொகுப்பைப் போட ஒரு பதிப்பாளர் முன்வந்திருக்கிறார். 5 ஆண்டு, அச்சு உரிமை மட்டும், 10 சதவீத ராயல்டி, ஆண்டுக்கு இரண்டு முறை கணக்கு என்று எழுத்தில் வந்திருக்கிறது. வழக்கறிஞர் நண்பர் படித்துப் பார்த்து, விற்காத பிரதிகளைப் பற்றிய ஒரு வரியை மட்டும் மாற்றச் சொல்லியிருக்கிறார்.

அந்த ஒப்பந்தத்தைப் பார்த்தே நமக்கென ஒரு மாதிரி ஒப்பந்தம் தயார் செய்து, இரண்டு பக்கத்தில் அச்சிட்டு வாசல் மேசையில் வைத்திருக்கிறோம். போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பதிப்பாளரிடமும் பணம் கட்டுவதற்கு முன் உறுப்பினர்கள் அவர் தரும் ஒப்பந்தத்தைச் சங்கத்தில் ஒருமுறை காட்டிவிட்டுப் போக வேண்டும் என்ற தீர்மானத்தைச் செயற்குழு இன்று பொதுக்குழுவின் முன் வைக்கிறது. அதை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்