வயற்பாசனக் குளத் திருத்த வேலை நிறைவு: அங்கத்தவர்களுக்கு நிர்வாகக் குழுவின் அறிக்கை

ஒரு கோடையில் முடியுமென்ற வேலைக்கு ஏன் இரண்டு கோடை என்று எல்லோரும் கேட்கிறீர்கள். வரவு செலவும் பற்றுச்சீட்டுகளும் கூட்ட மேசையில் இருக்கும், பார்க்கலாம். இங்கே அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறோம்.

வன்னியில் குளக்கட்டில் கைவைக்கக்கூடிய காலம் வைகாசி தொடக்கம் புரட்டாதி நடுப்பகுதி வரைதான். துருசு, அதாவது குளத்து நீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் மதகு, மாற்றுவதென்றால் குளக்கட்டை அடிவரை வெட்ட வேண்டும், அதற்குக் குளம் வற்றியிருக்க வேண்டும். சிறுபோகத்தை (கோடை நெல்லை) முற்றாக விடுவோம் என்று முதல் வருடப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் கேட்டோம். பாதிக் காணியிலாவது பங்குமுறையில், எல்லோரும் பகிர்ந்து, விதைப்போம் என்று பெரும்பான்மையோர் கை உயர்த்தினீர்கள், கூட்டக் குறிப்பில் இருக்கிறது. கதிர் முற்றும்வரை தண்ணீர் விட்டதால் ஆடிக் கடைசியில்தான் துருசு வாய் தெரிந்தது. மணல், கிரவல் அனுமதிகளும் ஒப்பந்தம் கைச்சாத்தான பிறகே கேட்கப்பட்டு, அப்போதுதான் வந்து சேர்ந்தன.

அந்த நேரத்தில் குளக்கட்டை வெட்ட வேண்டாமென்று மறித்தது நாங்கள்தான். அதை இன்றும் சரியென்றே சொல்கிறோம். வெட்டிய இடத்தை ஐப்பசி மழைக்கு முன் அவசரமாக மூடினால் அதுதான் முறிப்பு விழும், கட்டு உடையும் இடம். 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்த வேகத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

இனி, அடுத்த வருடம் கட்டை வெட்டி மூடும்போது ஒப்பந்தகாரருடன் வந்த தகராறு. ஊரில் பல கதை ஓடுகிறது, நடந்தது இதுதான். துருசுக் குழாயைச் சுற்றிய மண்தான் குளத்தின் உயிர். கொங்கிறீற்றும் மண்ணும் ஒட்டாத இடத்தில் நீர் வழி தேடி, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து, ஒரு மாரியில் கட்டையே கொண்டுபோய்விடும். அதனால்தான் குழாயின் குறுக்கே கசிவுத் தடைச் சுவர்கள் வைப்பது. வெட்டுமுகத்தைப் படிபடியாகச் செதுக்கி, நனைத்து, பழைய மண்ணோடு புது மண்ணைப் பிணைக்க வேண்டும். ரோலர் ஓடும் இடத்தில் 9 அங்குலம் பரப்பி 6 அங்குலமாக இறுக்கலாம். குழாய் ஓரத்தில் ரோலர் போகாது; அங்கே 4 அங்குலம் போட்டுக் கையால் இடிக்க வேண்டும். மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். உதிர்ந்தால் பவுசர் (தண்ணீர் வண்டி) விட்ட தண்ணீர் காணாது, விரலில் ஒட்டினால் கூடிவிட்டது.

ஒப்பந்தகாரர் செய்தது வேறு. பெக்கோவால் (மண் வெட்டும் இயந்திரத்தால்) இரண்டடி மண்ணைக் கொட்டி, வாளியால் தட்டி, மேலே சமன் செய்தார். பார்வைக்கு அழகு. தொழில்நுட்ப உத்தியோகத்தர் குழி தோண்டிச் சோதித்தபோது ஒப்பந்தம் கேட்ட 95 வீத இறுக்கம் கிடைக்கவில்லை. தோண்டி எடுக்கச் சொன்னோம். அவர் இயந்திரங்களை வேறு வேலைக்குக் கொண்டுபோய்விட்டு, சும்மா நின்ற நாட்களுக்கு வாடகை கேட்டார். கொடுக்கவில்லை. “கொஞ்சம் விட்டுக் கொடுத்திருக்கலாம்” என்று சிலர் சொன்னீர்கள். வயலுக்குள் வெள்ளம் நிற்கும்போது வந்து பதில் சொல்லப்போவது அவரில்லை. கடைசியில் தன் செலவிலேயே தோண்டி மீள நிரப்பினார். போனது எங்கள் நாட்கள்தான்.

குளத்து வண்டலை ஏன் கட்டுக்குப் போடவில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். காய்ந்தால் வெடிக்கும், வேரும் சருகும் கலந்தது. வயலுக்கு உரம், கட்டுக்கு ஆகாது.

வான் (மிகை நீர் வழியும் இடம்) திருத்தம், கட்டை அலை அரிக்காமல் காக்கும் அலைகல் அடுக்கு, வாய்க்கால் துப்புரவு, புல் பதிப்பு எல்லாம் முதல் வருடமே முடிந்தன.

மண் ஏற்ற உழவு இயந்திரம் தந்த வாய்க்கால் மேற்குப் பக்கத்து கமக்காரர்கள், டீசலுக்குக் கடன் தந்த சந்திக் கடைக்காரர், வேலையாட்களுக்கு அரிசி தந்த மில்காரர், சமையலுக்கு முறைபோட்டு வந்த மாதர் சங்கத்தினர், சீமெந்துப் பைகளுக்குப் பணம் அனுப்பிய கனடாவிலும் லண்டனிலும் உள்ள ஊர்ப் பிள்ளைகள், காவலுக்குப் படுத்த இளைஞர்கள், பிள்ளையார் கோயில் மண்டபத்தைக் களஞ்சியமாக விட்ட பரிபாலன சபையினர் எல்லோருக்கும் நன்றி. பெயர்ப்பட்டியல் கோயில் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. விடுபட்டவர்கள் செயலாளரிடம் சொல்லவும்.

முதல் மாரியில் குளத்தை முழு மட்டத்துக்கு நிரப்ப மாட்டோம். பாதியில் நிறுத்தி, கட்டின் பின்னடியை, அதாவது வயல் பக்கத்து அடியை, பார்ப்போம். தெளிந்த கசிவென்றால் அளந்து குறிப்போம், கலங்கல் வந்தால் உடனே துருசைத் திறப்போம். ஒப்பந்தகாரருக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்திருக்கும் பிடிபணத்தை விடச் சொல்லி ஆள் மேல் ஆள் அனுப்ப வேண்டாம். இந்தக் காலபோகம் (மாரி நெல்) முடிந்து கட்டைப் பார்த்த பிறகே கையொப்பம் வைப்போம்.