டிரெஸ்டனுக்குப் பக்கத்தில் ஒரு வாட்ச் ஊர்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம், மழைதான் விட்டபாடில்லை. மகள் ஜெர்மனியின் டிரெஸ்டனில் மேற்படிப்புக்குச் சேர்ந்ததாக எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். ஊர்ப் பெயரைப் பார்த்ததும் என் வாட்ச் பைத்தியமும் விழித்துக்கொண்டது. பொறுத்துக்கொள்.

டிரெஸ்டனுக்குத் தெற்கே, மலைப் பள்ளத்தாக்கில் கிளாஸ்ஹூட்டே என்று ஒரு சின்ன ஊர். வெள்ளிச் சுரங்கத்தை நம்பியிருந்து, வெள்ளி தீர்ந்ததும் வறுமையில் விழுந்த ஊர். ஃபெர்டினாண்ட் அடால்ஃப் லாங்கே என்ற கடிகாரக்காரர் சாக்சனி அரசிடம் கடன் வாங்கி, 1845 டிசம்பர் 7-ல் 15 பையன்களோடு அங்கே பட்டறை தொடங்கினார். மகன்கள் சேர்ந்த பிறகு அது 'ஏ. லாங்கே உண்ட் ஸோனே' ஆயிற்று. பாக்கெட் வாட்ச்சில் பெரிய பெயர் வாங்கினார்கள்.

1945 மே 8, ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போரின் கடைசி நாள். அன்றைக்குப் போய் சோவியத் குண்டு விழுந்து அவர்கள் பட்டறை நாசமானது. போருக்குப் பிறகு அந்தப் பகுதி சோவியத் கைக்குப் போனது, 1948-ல் கம்பெனியை அரசு எடுத்துக்கொண்டது. ஃபெர்டினாண்டின் கொள்ளுப்பேரன் வால்ட்டர் லாங்கேயை யுரேனியம் சுரங்க வேலைக்கு அனுப்பப் பார்த்தார்கள். அவர் மேற்கு ஜெர்மனிக்குத் தப்பி ஓடினார்.

பெர்லின் சுவர் விழுந்த பிறகு, 1990 டிசம்பர் 7-ல், அதாவது கொள்ளுத்தாத்தா தொடங்கிய அதே தேதியில், 66 வயதில் கம்பெனியை மறுபடி பதிவு செய்தார். வியாபார மூளை குன்டர் ப்ளூம்லைன் என்பவருடையது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் நடுவில் 40 வருஷம் அந்த ஊரே தூங்கியது போலச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1951-ல் ஊரிலிருந்த கடிகாரக் கம்பெனிகளை எல்லாம் ஒன்றாக்கி அரசு நடத்திய தொழிற்சாலையில் ஜனங்கள் சாதாரண வாட்ச்களைச் செய்துகொண்டேதான் இருந்தார்கள். அந்தக் கைகள் பழக்கத்தை விடாமல் இருந்ததால்தானே லாங்கே திரும்பி வந்தபோது வேலைக்கு ஆள் கிடைத்தது? அவர்களுக்கு விளம்பரத்தில் இடமில்லை, அவ்வளவுதான்.

1994 அக்டோபர் 24-ல் டிரெஸ்டன் அரண்மனையில் நான்கு வாட்ச்களை வெளியிட்டார்கள். அதில் 'லாங்கே 1' தான் எனக்குப் பிடித்தது. மணி முள் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும், தேதி இரண்டு கட்டங்களில் பெரிதாகத் தெரியும். படங்களில் அந்தத் தேதி 25 என்றே இருக்கும். மறுநாள் பேப்பரில் படம் வரும்போது தேதி சரியாக இருக்கட்டும் என்று ஒரு நாள் தள்ளி வைத்தார்களாம். என்ன கெட்டிக்காரத்தனம் பார்!

அந்த இரட்டைக் கட்டத்துக்கு மூலம் டிரெஸ்டன் செம்பர் ஓபரா அரங்கில், மேடைக்கு மேலே இருக்கிற கடிகாரம். அதற்கு முள் கிடையாது. ஒரு ஜன்னலில் மணி, இன்னொன்றில் ஐந்தைந்து நிமிடமாக மாறும் எண். முதலில் அதைச் செய்தவர் குட்கேஸ், ஃபெர்டினாண்ட் லாங்கேயின் குரு, பின்னாளில் மாமனாரும் அவர்தான்.

இப்போது கம்பெனி ஸ்விட்சர்லாந்தின் ரிஷ்மோன் குழுமத்துக்குச் சொந்தம். ஒவ்வொரு வாட்ச்சையும் ஒருமுறை பூட்டிச் சரிபார்த்து, மறுபடி பிரித்துச் சுத்தம் செய்து, இரண்டாம் தடவை பூட்டுகிறார்கள். விலையைக் கேட்காதே, உன் கண்ணுக்கு இப்போது அதிர்ச்சி ஆகாது.

மகளை ஒரு விடுமுறை நாளில் ஹைடெனாவ் வரை போய் அங்கே ரயில் மாறச் சொல். கிளாஸ்ஹூட்டேயில் கடிகார அருங்காட்சியகம் இருக்கிறது. அரசுத் தொழிற்சாலைக் காலத்து வாட்ச் ஏதாவது இருந்தால் எனக்காக ஒரு படம் எடுத்து அனுப்பட்டும். நீ சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட்டுக்கொள்.

அன்புடன்,
ராஜாராமன்