முட்டி வலி முதலில் வருவது மருந்துக் கடைக்குத்தான்

ஆசிரியருக்கு,

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மருந்துக் கடையில் பத்தொன்பது ஆண்டுகளாக மருந்தாளுநராக வேலை செய்கிறேன். முட்டி வலிக்காரர்கள் டாக்டரிடம் போவதற்கு முன்பே எங்கள் கடைக்கு வந்துவிடுகிறார்கள். நாங்களும் மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். இது தவறு என்று எனக்குப் புரியவைத்தவர் ஒரு மீன்காரர்.

தேவனாம்பட்டினத்திலிருந்து கூடை சுமந்து வந்து மஞ்சக்குப்பம் தெருக்களில் விற்கும் அக்கா அவர். வயது ஐம்பத்திரண்டு. கூடை காலியானதும் பழைய மருந்துச் சீட்டை நீட்டி வலி மாத்திரை வாங்கிப் போவார். கடந்த மார்கழியில் ஒரு நாள் அவருடைய கணுக்கால்கள் வீங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, நீர் பிரிவதற்கு ஒன்று என்றார். இரண்டும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அவர் வீட்டுக்கே வந்துவிடுகின்றன. என் கடையில் வாங்காததால் எனக்குத் தெரியவில்லை. முன்பே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் இரத்த அழுத்தத்தை ஏற்றும், வயிற்றைப் புண்ணாக்கும். அழுத்த மாத்திரைகளில் சில வகைகளோடும் நீர் மாத்திரையோடும் சேர்ந்தால் சிறுநீரகத்தையே கெடுத்துவிடக் கூடும். அன்றே அவரை அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். நல்ல வேளையாகச் சிறுநீரகம் கெடவில்லை. மூட்டுத் தேய்மானம் தொடக்க நிலையில்தான் இருக்கிறது, மாத்திரையை நிறுத்திவிட்டு வலிக்கு மேலே தடவும் ஜெல்லைப் பயன்படுத்துங்கள், பயிற்சி செய்யுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

என்ன பயிற்சி, யார் சொல்லித் தருவார்கள்? எங்கள் கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) இருக்கிறார். இத்தனை ஆண்டுகளில் நான் அவரிடம் ஒரு முறைகூடப் பேசியதில்லை. அக்காவுக்காகத்தான் முதல் முறையாகப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி ஐந்து விநாடி நிறுத்துவது, கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது என்று எளிய பயிற்சிகளைத்தான் சொல்லிக்கொடுத்தார். தொடைத் தசை வலுவானால் முட்டியின் மேல் விழும் சுமை குறையும் என்று விளக்கினார். தரையில் குந்தி மீன் அரிவதை விட்டு, உயரமான பலகையில் உட்காரச் சொன்னார்.

ஒரு வாரத்தில் அக்கா கோபமாகத் திரும்பி வந்தார். வலி கூடிவிட்டது, பழைய மாத்திரையையே கொடு என்றார். கடையிலிருந்தே இயன்முறை மருத்துவருக்கு போன் செய்தேன். தொடக்கத்தில் கொஞ்சம் வலிப்பது இயல்புதான், எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளட்டும், நிறுத்த மட்டும் வேண்டாம் என்றார். அந்த ஒரு போன் இல்லாவிட்டால் அவர் வேறு கடைக்குப் போயிருப்பார். பிறகு ஜெல் வாங்க வரும்போதெல்லாம் பயிற்சி நடக்கிறதா என்று விசாரித்தேன். நான்கு மாதங்களில் வலி முற்றிலும் போய்விடவில்லை. ஆனால் இப்போது யாரும் கை கொடுக்காமல் பஸ் படி ஏறுகிறார்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் இதை முறையாகவே சோதித்துப் பார்த்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்துக் கடையிலேயே தொடக்க நிலை மூட்டுத் தேய்மானத்தைக் கண்டுகொண்டு, மருந்துகளைச் சரிபார்த்து, பயிற்சிக்கு இயன்முறை மருத்துவரிடம் அனுப்பினார்கள். ஆறு மாதங்களில், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட இப்படி அனுப்பப்பட்டவர்களுக்கு வலி குறைந்திருந்தது, நடமாட்டமும் மேம்பட்டிருந்தது. நமக்கும் வழி இல்லாமல் இல்லை. நோயாளியிடம் பேசி விளக்கும் பொறுப்பை மருந்தாளுநருக்கு, நம் நாட்டில் எங்கள் பணிக்கென வந்த 2015-ஆம் ஆண்டு விதிமுறைகளே தந்திருக்கின்றன. அக்காவின் வீட்டுக்கு அழுத்த மாத்திரை கொண்டுவரும் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. ஆனால் முட்டி வலி உள்ளவரை எங்கே, யாரிடம் அனுப்ப வேண்டும் என்று எங்களிடம் யாரும் சொன்னதில்லை.

எல்லா முட்டி வலியும் தேய்மானம் அல்ல. முட்டி சிவந்து சூடாக வீங்கினாலோ, காய்ச்சல் இருந்தாலோ, காலையில் விறைப்பு அரை மணி நேரத்தைத் தாண்டி நீடித்தாலோ நேராக டாக்டரிடம் போக வேண்டும். இதைப் பிரித்தறிய எங்களுக்கு ஒரு நாள் பயிற்சியாவது தேவை. மாவட்டச் சுகாதாரத் துறை ஒவ்வொரு வட்டாரத்திலும் மருந்தாளுநர்களையும் இயன்முறை மருத்துவர்களையும் ஒரே அறையில் உட்காரவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் அக்கா தன்னோடு கூடை சுமக்கும் இரண்டு பெண்களை அழைத்து வந்தார். இருவருக்கும் முட்டி வலி. தனியாரிடம் ஒவ்வொரு முறையும் கட்டணம் கொடுக்க அவர்களால் இயலாது. அவர்களுக்குக் கொடுத்தனுப்ப, அரசு இயன்முறை மருத்துவரின் தொலைபேசி எண் ஒன்று எனக்கு வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.