வெள்ளியங்கிரியில் என் ஊன்றுகோலைச் சரிசெய்து தந்த பெரியவருக்கு நன்றி

கடந்த மாசி மாதம் கோவை அருகே ஏழு மலைகள் கொண்ட வெள்ளியங்கிரி ஏறியபோது, ஐந்தாம் மலையில் என் மடக்கு ஊன்றுகோலின் உள்கயிறு அறுந்து, மூன்று துண்டுகளும் தனித்தனியே கையில் வந்துவிட, செய்வதறியாது பாறையில் அமர்ந்திருந்த எனக்கு, பெயரும் ஊரும் சொல்லாமல் உதவிச் சென்ற பெரியவருக்கு என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

அவர் முதலில் அறுந்த முனையைத்தான் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார். அலுமினியக் குழாயின் விளிம்பில் இருந்த பிசிறு, மடக்கும்போதெல்லாம் கயிற்றைச் சிறிது சிறிதாக அரித்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. நகவெட்டியின் அரத்தால் அதைத் தேய்த்து வழவழப்பாக்கினார். பிறகு தம் பையிலிருந்த மெல்லிய நைலான் கயிற்றின் நுனியில் பிளாஸ்திரி சுற்றி விறைப்பாக்கி, குழாய்களின் வழியே நுழைத்து இரு முனைகளிலும் கட்டினார். அதிகம் இறுக்கினால், விரித்த கோலை மடங்காமல் பிடிக்கும் பூட்டுப் பொத்தான் வெளியே வராது, தளர்ந்தால் கோல் ஆடும் என்பதால், முடிச்சை மும்முறை அவிழ்த்து மறுபடி போட்டார். கடைசியில் பொத்தான் 'டக்'கென்று வெளியே வந்தபோது, என்னைவிட அவருக்கே மகிழ்ச்சி அதிகம்.

நனைந்த கோலைத் துண்டு துண்டாகப் பிரித்து உலர்த்த வேண்டும் என்றும், இணைப்புகளில் எண்ணெய் விட்டால் மண் ஒட்டிக்கொள்ளும் என்றும் சொன்னார். இத்தனை அறிந்தவர் ஊன்றியிருந்ததோ, அடிவாரத்தில் விற்கும் மூங்கில் தடி!

கோல் பூண்டி அடிவாரம் வரை தாங்கியது. இப்போது புதிய உள்கயிறு மாற்றிவிட்டேன். ஐயா, உங்கள் நைலான் கயிறு என் பையில் பத்திரமாக இருக்கிறது.