கேட்பதும் கட்டளையிடுவதும்

ரோஸ் ஹில், மொரிஷியஸ்.

அன்புள்ள நண்பனுக்கு,

டர்பனிலிருந்து நீ எழுதிய கடிதம் தைப்பூசக் காவடிக்கு மறுநாள் கைக்கு வந்தது. மேற்பார்வையாளர் பதவி கிடைத்த பிறகு, தேநீர் அறைக்குள் நீ நுழைந்தாலே பேச்சு நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தாய். தலைமையாசிரியராகி இரண்டு ஆண்டுகள் ஆகியும் எனக்கும் அந்த மௌனம் பழகவில்லை.

என் முதல் தலைமையாசிரியரைப் பற்றி உனக்கு எத்தனை முறை எழுதிப் புலம்பியிருப்பேன்! அவரை எதிர்த்துப் பேசிய ஆசிரியருக்கு அவர் வாயால் பதில் வராது. அடுத்த தவணையின் பாடவேளை அட்டவணையில் வரும். என் தமிழ் வகுப்பு ஓராண்டு முழுவதும் மாடிப்படிக்கு அடியில் நடந்ததற்கு வேறு காரணம் இல்லை. அவருக்குப் பின் வந்தவர் பரம சாது. எதையும் தீர்மானிக்க மாட்டார். எல்லாம் உங்கள் விருப்பம் என்பார். ஆனால் அவர் கைவிட்ட அதிகாரம் காற்றில் கரைந்துவிடவில்லை. அலுவலக எழுத்தரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு நாள் விடுப்புக்கும் அந்த எழுத்தரின் முகக்குறி பார்த்துக் காத்திருந்தோம். முதலாமவரிடம் யாரோடு வழக்காடுகிறோம் என்பதாவது தெரிந்திருந்தது.

சிதம்பரத்தில் நாம் படித்த நாட்களில், உளவியலாளர் குர்ட் லெவினும் அவருடைய தோழர்கள் இருவரும் 1939இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றி விடுதி மொட்டை மாடியில் விவாதித்தது உனக்கு நினைவிருக்கலாம். அமெரிக்காவின் அயோவாவில், பத்து வயதையொட்டிய சிறுவர்களைக் குழுக்களாக்கி, அடக்கி ஆள்பவர், கலந்து பேசுபவர், தலையிடாமல் விட்டுவிடுபவர் என மூவகைத் தலைவர்களின் கீழ் வேலை செய்யவிட்டுப் பார்த்தார்கள். அடக்கி ஆண்ட தலைவர் அறையை விட்டு வெளியேறியதும் வேலை தளர்ந்தது. கலந்து பேசியவர் வெளியேறியபோது அவ்வளவாகத் தளரவில்லை. அன்றே நான் கலந்து பேசுபவர் பக்கம் சேர்ந்துகொண்டேன். இப்போது யோசித்தால், அந்தச் சிறுவர்களில் எவனுக்கும் வீட்டுக் கடன் இருந்திருக்காது என்பதுதான் முதலில் தோன்றுகிறது.

இந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களில் நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாக இருந்த காலத்தில், ஒரு நாள் வேலைக்கு வராதவருக்கு இரண்டு நாள் கூலி பிடிக்கப்பட்டது. அது வெளிப்படையான கொடுமை; அதற்கு எதிராக மனு எழுத முடிந்தது. சிர்தாரின், அதாவது கூலிகளை மேய்த்த கங்காணியின், அதிகாரம் வேறு விதமானது. அவரும் கூலியாக வந்தவர், அதே குடியிருப்பில் வாழ்பவர், நம் மொழியிலேயே பேசுபவர். அவசரத்துக்குக் கடன் கொடுப்பவரும் பெரும்பாலும் அவரே. அப்படிப்பட்டவர் தோளில் கை போட்டு, "தம்பி, ஒரு சின்ன உதவி" என்று கேட்டால் எவன் மறுப்பான்?

அந்தச் சிர்தாரை நான் கண்ணாடியில் பார்த்த கதையைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன். நூலகப் புத்தகங்களைக் கணக்கெடுக்க வேண்டியிருந்தது. கட்டளையிடக் கூடாது என்ற கொள்கைப்படி, புதிதாக வந்த இளம் ஆசிரியர் ஒருவரிடம், "முடிந்தால் சனிக்கிழமை வர முடியுமா, தம்பி?" என்று பணிவாகத்தான் கேட்டேன். மூன்று சனிக்கிழமைகள் சிரித்த முகத்தோடு வந்தார். அவர் சனிக்கிழமைகளில் தனிவகுப்பு நடத்துகிறார் என்பதும், அந்த வருமானத்தில்தான் வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை கட்டுகிறார் என்பதும் பள்ளிக் காவலாளி வாயிலாகவே எனக்குத் தெரியவந்தன. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்கள் இவ்வளவு மரியாதையாகக் கேட்டபோது எப்படி ஐயா மறுப்பது?" என்றார். முதல் தலைமையாசிரியர் என்னை மாடிப்படிக்கு அடியில் தள்ளியபோதுகூட எனக்கு முகம் இப்படிச் சுருங்கவில்லை.

அதன் பிறகு வாயால் உதவி கேட்பதை விட்டுவிட்டேன். சனிக்கிழமை வேலைக்கு முறைப்பட்டியல் எழுதி, முதல் பெயராக என் பெயரைப் போட்டு, ஈடாக எந்த நாளில் ஓய்வு எடுக்கலாம், முடியாதவர் எந்த நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பதையும் குறித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். ஆசிரியர்கள் மகிழ்வார்கள் என்று எதிர்பார்த்தேன். பதவி தலைக்கு ஏறிவிட்டது, எல்லாவற்றுக்கும் உத்தரவு போடத் தொடங்கிவிட்டார் என்று பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும், பலகையில் ஒட்டிய காகிதத்தை எதிர்த்து முணுமுணுக்கவாவது முடிகிறது அல்லவா?

உன் தேநீர் அறை மௌனத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. ஆனால் உன் ஆட்களிடம் நீ "நட்பாக" என்ன கேட்கிறாய் என்று ஒரு வாரம் எண்ணிப் பார்த்து எனக்கு எழுது.

நேற்று மாலை அந்த இளம் ஆசிரியர் என் அறைக்கு வந்து, பட்டியலில் இந்த வாரம் அவர் முறை என்றாலும் தம்மால் வர முடியாது என்று, காரணம் எதுவும் சொல்லாமல், நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். ஆகையால் வரும் சனிக்கிழமை புத்தகம் எண்ணப் போவது நான்தான். தொலைபேசியில் அழைப்பதானால் பிற்பகலில் அழை.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்