பெரட்டு வேறு, பேரணி வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு ஏட்டில் எங்கள் தாயாரின் முதலாமாண்டு நினைவாஞ்சலியை வண்ணத்தில் வெளியிட்டீர்கள். நன்றி. படம் தெளிவாக வந்திருந்தது. விளம்பரப் பணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டதால் அந்த வகையில் நமக்குள் கொடுக்கல் வாங்கல் எதுவும் மிச்சமில்லை.

நான் எழுதிக் கொடுத்தது இது: "இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய், பால்மரம் சீவி எங்களை ஆளாக்கிய அம்மாவை நினைவுகூரும் பிள்ளைகள்." நீங்கள் அச்சிட்டது இது: "இருட்டோடு எழுந்து பேரணிக்குப் போய், ரப்பர் மரங்களை வெட்டி எங்களை ஆளாக்கிய அம்மாவை நினைவு கூறும் பிள்ளைகள்."

காலையிலேயே கிள்ளானிலிருந்து மாமா கூப்பிட்டுவிட்டார். "ஏம்ப்பா, அக்கா எந்தக் கட்சியில இருந்துச்சி? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?"

பெரட்டு என்றால் என்னவென்று தங்களுக்கு நான் விளக்குவது மரியாதையாக இருக்காது. தங்கள் மேசையில் இருக்கும் இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். விடியுமுன் தோட்டத்து ஆபீஸ் முன்னால் எல்லாரும் வரிசையாக நிற்க வேண்டும். கங்காணி பேர் கூப்பிடுவார். யாருக்கு எந்த நிரை, அதாவது எந்த மர வரிசை, என்று அங்கேதான் தெரியும். பிந்திப் போனால் அன்றைய கூலி போச்சு. அங்கே யாரும் கொடி பிடிக்கவில்லை, கோஷம் போடவில்லை. அம்மா எந்த மரத்தையும் வெட்டிச் சாய்க்கவும் இல்லை. பட்டையை மெல்லச் சீவி, மங்கு என்கிற கிண்ணத்தில் பால் இறங்கவிடுவதுதான் வேலை. கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கி மரத்தில் காயம் பட்டாலே கங்காணியிடம் ஏச்சு வாங்க வேண்டும். ரப்பர் மரங்களை வெட்டியிருந்தால் துரை அம்மாவை வேலையைவிட்டே அனுப்பியிருப்பார், பிள்ளைகளை ஆளாக்குவது எங்கே?

தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டேன். மிகவும் பணிவாகப் பேசிய ஒரு தம்பி, "ஐயா, பெரட்டுன்னு தமிழ்ல ஒரு சொல்லே இல்லீங்க. கணினி சிவப்புக் கோடு போட்டுச்சி, திருத்திட்டோம்" என்றார். கணினிக்குப் பெரட்டு தெரியாதது நியாயம். அது எந்தத் தோட்டத்தில் வேலை செய்தது? ஆனால் எங்கள் ஊர் சுங்கை சிப்புட் வாசகர்களை நம்பி விற்கும் ஏட்டுக்குமா தெரியாது? சரி, பெரட்டு கணினிக்குத் தெரியாத சொல் என்றே வைத்துக்கொள்வோம். 'நினைவுகூரும்' என்ன பாவம் செய்தது? கூர்தல் என்றால் மிகுதல். ஒருவர் நினைவு நெஞ்சில் மிகுவது நினைவுகூர்தல். கூறுவது வாயால் சொல்வது. நாங்கள் எதையும் கூறவில்லை ஐயா.

தவறாக எழுதி வருவதைப் பார்க்காமல் விட்டுவிடுவது ஒன்று. சரியாக எழுதி வருவதைத் திருத்திக் கெடுப்பது வேறு. முதலாவதை வேலைப்பளு என்று பொறுத்துக்கொள்ளலாம்.

நான் இந்த ஊரில் சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கருமக்கிரியை அட்டை, கோயில் திருவிழா நோட்டீஸ் என்று வருவதை அடித்துக் கொடுத்துப் பிழைக்கிறேன். புரூப்பை வீட்டுக்காரர் கையில் கொடுத்து, அவர் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மிஷினில் ஏற்றுவேன். அப்படியும் ஓர் ஒற்றெழுத்து விழுந்துவிட்டால் என் செலவில் மறுபடி அடித்துத்தான் கொடுக்க வேண்டும். அட்டை வாங்க வருகிற பாட்டிகூடக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு "என்னாப்பா, என் பேத்தி பேருல கால் ஒண்ணக் காணோம்" என்பார். அவர்களுக்குக் கிடைக்கும் மரியாதை எனக்கு உங்களிடம் கிடைக்கவில்லை.

இதற்கு முன்னும் எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. ஆகவே சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

"சுவற்றில் விரிசல்" என்று எங்கள் ஊர்ப் பள்ளிக் கட்டடத்தைப் பற்றி ஒரு தலைப்புப் போட்டீர்கள். கிணறு கிணற்றில் ஆகும், சோறு சோற்றில் ஆகும், ஏனென்றால் அவை 'று'வில் முடிகின்றன. சுவர் அப்படி முடியவில்லை. சுவரில்தான் விரிசல். அந்தச் செய்தியைப் படித்த பிள்ளைகள் அதே பள்ளியில்தான் தமிழ் படிக்கிறார்கள்.

இன்னொரு நாள் "தமிழ்ப் பள்ளிகள் மூடப்பட்டது" என்று முதல் பக்கத்தில். பள்ளிகள் என்றால் மூடப்பட்டன. இது ஏதோ இலக்கண வாத்தியார் பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். 1957-இல், மலாயா என்றிருந்த இந்த மலேசிய நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்றைக்கு இருப்பவை 500-க்குச் சற்று மேல். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள், கித்தா என்கிற ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நட்டார்கள், சனம் பட்டணத்துக்குப் போனது, பள்ளிகள் ஒவ்வொன்றாகப் போயின. அவ்வளவையும் ஒருமையில் எழுதினால் ஏதோ ஒரு பள்ளிக்குப் பூட்டுப் போட்டதுபோல் இருக்கிறது. செம்பனை என்றதும் நினைவு வருகிறது. நாம் இங்கே புழங்கும் அழகான சொல் அது. அதை விட்டுவிட்டு உங்கள் வணிகப் பக்கம் 'பாமாயில் மரம்' என்று எழுதுகிறது. எண்ணெய்க்கு மரம் உண்டா, மரத்துக்கு எண்ணெய் உண்டா?

தைப்பூச சமயத்தில் வந்த தலைப்பை மறக்க முடியாது: "இளைஞர்களுக்கு வேலைக் கொடுக்க முதலாளிகள் முன்வர வேண்டும்." வேலை என்ற சொல்லோடு 'க்' சேர்ந்தால் அது முருகன் கையிலிருக்கும் வேல். ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குக் காவடி எடுக்கப் போகிற பையன்களுக்கு ஆளுக்கொரு வேல் தரச் சொல்கிறீர்களோ என்று கடையில் சிரித்தோம். வேண்டாத இடத்தில் இப்படி ஒற்றெழுத்தை அள்ளிப் போடுகிற அதே ஏட்டில்தான் 'தமிழ் பள்ளி', 'திருமண பதிவு' என்று வேண்டிய இடத்தில் பஞ்சம். குழம்புக்கு வேண்டிய உப்பைப் பாயசத்தில் கொட்டினால் யார் சாப்பிடுவது?

'வாழ்த்துகள்' சரியா 'வாழ்த்துக்கள்' சரியா என்ற வழக்கில் நான் நுழையவில்லை. இரண்டு பக்கமும் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரே தீபாவளி மலரில் அமைச்சருக்கு ஒருவிதம், நகைக்கடைக்கு ஒருவிதம், ஆசிரியர் பகுதிக்கே இரண்டு விதமும் என்றால் எப்படி? ஏதாவது ஒரு பக்கம் நில்லுங்கள். தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடி எத்தனையோ காலமாகியும் இந்தக் 'கள்' நம்மை விடமாட்டேன் என்கிறது. எங்கள் ஊரின் பெயரும் அப்படித்தான். சுங்கை சிப்புட், சுங்கை சிபுட், சுங்கைசிப்பூட் என்று மூன்றையும் உங்களிடம் பார்த்துவிட்டேன். முன்னாள் அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் பிறந்த ஊர் ஐயா இது, ஒரே எழுத்தில் எழுதத் தகுதியில்லையா?

'முயற்சித்தார்', 'கைகோர்த்தனர்' பற்றி இன்று ஒன்றும் சொல்லப்போவதில்லை. முயன்றார், கைகோத்தனர் என்று எழுதினால் இப்போது அதுதான் பிழை என்று திருத்துவீர்கள் போலிருக்கிறது.

1924-இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' நாளேடு 2019-இல் நின்றபோது எங்கள் வீட்டில் பெரியவர்கள் துக்கம் கேட்பதுபோல் பேசிக்கொண்டார்கள். அதன் பிறகு வாசலில் விழுவது தங்கள் ஏடுதான். அம்மாவும் கடைசிவரை அதைத்தான் எழுத்துக்கூட்டிப் படித்தார். ஆகவே நிறுத்திவிடுவேன் என்று மிரட்டவும் வழியில்லை, அது உங்களுக்கும் தெரியும்.

பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. விளம்பரத்தை முழுப் படத்தோடு மறுபடி போடவும் சொல்லவில்லை. வருகிற ஞாயிறு, எந்த மூலையிலாவது இரண்டு வரி போதும்: பேரணி என்றிருப்பதைப் பெரட்டு என்றும், 'மரங்களை வெட்டி' என்பதைப் 'பால்மரம் சீவி' என்றும், 'கூறும்' என்பதைக் 'கூரும்' என்றும் திருத்தி வாசிக்கவும் என்று. அச்சேற்றும் முன் புரூப்பை என் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவையுங்கள். எண் விளம்பர ரசீதில் இருக்கிறது. சனிக்கிழமை இரவு கடையை அடைக்க எப்படியும் பதினொன்று ஆகும், பார்த்து உடனே பதில் போட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
அச்சக உரிமையாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.